அஞ்சாப்பிலிருந்து ஆறாப்புக்கு மூன்று கிலோமீட்டர்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். "பேரு எழுத வேண்டாம். புதுப் பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன கேக்கணும்னு தோணுதோ அதை எழுதிப் போடுங்க" என்று சொல்லி, காலியான சாக்பீஸ் டப்பாவை நடுவில் வைப்பேன். இந்த வருஷம் பதினொரு சீட்டு விழுந்தது.

"ஒண்ணுக்குப் போக யார்ட்ட கேக்கணும்?" "சாப்பாட்டுத் தட்டு நாமளே கொண்டு போகணுமா?" "மிஸ்னு கூப்பிடணுமா, டீச்சர்னு கூப்பிடணுமா?" "பெரிய அண்ணன்க அடிப்பாங்களா?" "சைக்கிள் இல்லாட்டி சேத்துக்க மாட்டாங்களா?" பாடத்தைப் பற்றிக் கேட்டிருந்தது ஒரே ஒரு பிள்ளை. ஒரு சீட்டில் கேள்வியே இல்லை. "நான் வரல" என்று மட்டும் இருந்தது.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியரும் நானும்தான். ஓர் அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள். இன்னொன்றில் நான்கும் ஐந்தும். ஐந்தை முடித்தால் அடுத்த பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், அதற்கு மேல் ஆறு முதல் எட்டு வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்குள் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நம் மாநிலம் போட்ட கணக்கு. அந்தக் கணக்குப்படி எங்கள் ஊரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்று கிலோமீட்டரில் என்னென்ன மாறுகிறது என்று எனக்குப் புரியவே ரொம்ப வருஷம் ஆனது. புரியவைத்தது ஒரு பையன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் வந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டுக் கூரை சிமென்ட் ஷீட். அது பிய்த்துக்கொண்டு போன பிறகு அவனும் அவன் அப்பத்தாவும் கட்டிலுக்கு அடியில் படுத்து விடிய விடியக் கிடந்திருக்கிறார்கள். ஊரில் தென்னையும் பலாவும் வரிசையாகச் சாய்ந்தன. பள்ளி திறந்தபோது எங்கள் வேப்பமரம் சுற்றுச்சுவரின் மேல் கிடந்தது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். இவன் மட்டும் கிட்டே போகவில்லை.

அதற்குப் பிறகு காற்றில் ஜன்னல் கதவு படார் என்று அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிவந்து என் புடவையோடு ஒட்டி நின்றுவிடுவான். சில நாள் அழுவான். பல நாள் அழக்கூட மாட்டான், உடம்பு விறைத்துப்போய் நிற்பான். நான் ஓர் அட்டையை நாலாக மடித்து ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினேன். கதவு ஆடாது, சத்தம் வராது. மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு அவன் செய்கிற முதல் வேலை, அந்த அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு அவனே மடித்துச் செருகிக்கொள்வான். மழையில் நைந்துபோனால் வீட்டிலிருந்து புதுசு கொண்டுவருவான், சோப்புப் பெட்டி அட்டை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பில் போனவன் 2021 நவம்பர் 1ஆம் தேதி ஐந்தாம் வகுப்பில் திரும்பி வந்தான். நான்காம் வகுப்பு என்று ஒன்று அவனுக்கு இருக்கவே இல்லை. வகுத்தல் மறந்துபோயிருந்தது. கடன் வாங்கிக் கழிப்பதும் தடுமாறியது. ஆனால் அன்றைக்குக் காலையில் உள்ளே வந்ததும் நேராக ஜன்னலுக்குப் போனான். அட்டை இல்லை. என் மேஜையில் கிடந்த பழைய வருகைப் பதிவேட்டின் அட்டையைக் கேட்டான், கொடுத்தேன்.

அந்தக் கல்வியாண்டு மே மாதம் வரைக்கும் நீண்டது. 2022 ஜூன் 13ஆம் தேதி பள்ளிகள் திறந்தபோது அவன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மாணவர் விவரங்களுக்கான கல்வித் துறை இணையப் பதிவான எமிஸில் அவன் பெயரை விடுவித்தோம். ஆதார் எண், ரத்த வகை, உயரம், எடை எல்லாம் ஒழுங்காக அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆடி மாதம் அவன் அம்மா வந்து நின்றார். "ஒரு வாரமாப் போக மாட்டேங்கிறான் டீச்சர். கேட்டா வயித்த வலிங்கிறான். உங்ககிட்டயாச்சும் சொல்லுவான்னு பாத்தேன்."

நடந்தது இதுதான். ஆடிக் காற்று. அங்கே ஆறாம் வகுப்பு மாடியில். ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. பாடம் நடக்கும்போது கதவு அடித்ததும் இவன் எழுந்து வெளியே ஓடியிருக்கிறான். சேட்டை என்று நினைத்து வகுப்பாசிரியர் ஒரு பீரியடு முழுக்க வெளியே நிற்க வைத்திருக்கிறார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பிள்ளைகள் வேண்டுமென்றே ஜன்னலை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலாம் நாளிலிருந்து வயிற்று வலி.

அவன் அம்மாவோடு நானும் போனேன். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆறேழு ஊர்களிலிருந்து வந்த ஐம்பது பிள்ளைகள், எல்லாம் புது முகம், அவர் பாடம் ஒரு நாளைக்கு ஒரு பீரியடுதான். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றரை வருஷமாகத் தெரியும். ஜூன் மாதம் ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பையன் இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நின்றது நான் சொல்லாமல் விட்டதால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த ஏப்ரலிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம். அதை நானே கொண்டுபோய் ஆறாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுத்து, உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். முதல் வரி அந்தப் பிள்ளைக்கு நன்றாக வருகிற ஒரு விஷயமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். மார்க் கிடையாது. 'வாலு', 'மந்தம்', 'அடங்காதவன்' மாதிரி வார்த்தைகள் கிடையாது. வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, இதெல்லாம் கிடையாது. அடுத்த ஆசிரியர் கையால் ஏதாவது செய்யக்கூடியது மட்டும்தான்.

"இடது கைக்காரி. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது." "கேட்டவுடன் பதில் வராது. மனசுக்குள் பத்து எண்ணும் நேரம் கொடுங்கள், வந்துவிடும்." "கண்ணாடி பைக்குள்ளேயே இருக்கும். போடச் சொல்லணும்." "முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நடுங்குவாள். வீட்டில் அடி விழுகிற நேரத்தில் மட்டும்தான் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்." கடைசியாகச் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். "எழுதுங்க டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளிடமும் அவர்கள் பக்கத்தைப் படித்துக் காட்டிவிடுகிறேன். வேண்டாம் என்று சொன்னால் அந்த வரியை அடித்துவிடுவேன். பெற்றோருக்கும் தெரியும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. புது இடத்துக்குப் பிள்ளை புதுசாகத்தான் போகணும், பழைய கதை எதுக்கு என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஆறாம் வகுப்பில் வகுப்புத் தலைவி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிள்ளை எப்படிப்பட்டது என்று எழுதுவதில்லை, பிள்ளைக்கு என்ன தேவை என்று மட்டும் எழுதுகிறேன். எப்படியும் 'அந்த ஊர்ப் பிள்ளையா, அப்படித்தான் இருக்கும்' என்கிற பேச்சு நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் நல்லதாக ஒரு வரி இருக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 2007இல்தான் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுவதும் வந்தன. ஒன்று முதல் நான்கு வரை பிள்ளைகள் பாயில் கலந்து உட்காருவார்கள். அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் தன் அட்டை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடருவார்கள். இரண்டாம் வகுப்பு அட்டையை மூன்றாம் வகுப்பின் ஆகஸ்டில் முடித்தாலும் யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்ற மாதிரிதான் வேலை கொடுக்கிறோம். அந்த முறைகளின் குறைகள் எனக்கும் தெரியும். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கும்போது அந்த ஏற்பாடு எவ்வளவு மூச்சுத் திணற வைக்கும் என்பதும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நாம் போவது என்கிற பழக்கம் தொடக்கப் பள்ளியில் உண்டு. ஆறாம் வகுப்பில் பாடவேளை மணி அடிக்கிறது, ஆள் மாறுகிறார், பிள்ளைதான் அவர் இருக்கிற இடத்துக்கு ஓட வேண்டும். ஐந்து வருஷம் இரண்டே டீச்சர்களின் முகத்தைப் பார்த்து இன்றைக்கு அவர்கள் கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, ஒரு நாளைக்கு ஆறேழு முகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் காலைச் சாப்பாடு. இதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் அது செய்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். பதினொரு மணிக்குத் தலை சாய்த்துப் படுக்கிற பிள்ளைகள் இப்போது இல்லை. ஆனால் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் மதியச் சத்துணவு உண்டு, காலையில் கிடையாது. பள்ளியோ தூரம். வீட்டிலிருந்து முன்னைவிட அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். எங்கள் ஊரில் பாதி அம்மாக்கள் விடிவதற்குள் பூப்பறிக்கவோ கூலி வேலைக்கோ போய்விடுகிறவர்கள். ஆக, பிள்ளைக்குப் பசி கூடுகிற வயதில், நடை கூடுகிற வருஷத்தில், காலைச் சாப்பாடு நின்றுபோகிறது. ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை மந்தமாக இருந்தால், முதலில் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள் என்று அந்தப் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதை எட்டாம் வகுப்பு வரை நீட்டித்தால் எத்தனையோ பிரச்சினை தன்னால் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

2019–20இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். 2020 பிப்ரவரி 4ஆம் தேதி அதை ரத்து செய்தார்கள். இடையில் இருந்த அந்த ஐந்தாறு மாதம் பிள்ளைகள் பட்ட பாட்டை மறக்க முடியாது. பேனா பிடித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தாள். "ஃபெயிலானா இங்கயே இருக்கலாம்ல டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பரீட்சையைவிடப் பெரிய பள்ளிக்கூடம்தான் பயம். இந்த வருஷம் "நான் வரல" என்று எழுதிப் போட்ட சீட்டைப் பார்த்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது.

இப்போது நாங்கள் செய்கிறவை பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கடைசி இரண்டு வாரம் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் பாடவேளை மணி அடிக்கிறோம். ஒரு பீரியடு தலைமையாசிரியர் வருவார், ஒரு பீரியடு நான். ஒவ்வொரு முறையும் எழுந்து வணக்கம் சொல்லி, அந்தப் பாட நோட்டை எடுத்து வைக்க வேண்டும். டைம்டேபிளைப் பார்த்து முதல்நாள் இரவே பை அடுக்குவதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். சிரித்துக்கொண்டே செய்வார்கள், ஆனால் ஜூனில் அது எவ்வளவு உதவுகிறது என்று வந்து சொல்வார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவார்கள். பெஞ்சுக்குப் பழக ஒரு மாதம். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. ஆறாம் வகுப்பை ஏ, பி என்று பிரிக்கும்போது எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவும் தனியாக விழக்கூடாது. குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்திருக்க வேண்டும். அகர வரிசைப்படி பிரிப்பதுதான் வழக்கம் என்றார்கள். இரண்டு வருஷம் கேட்டேன், மூன்றாம் வருஷம் சம்மதித்தார்கள். பத்து வயதில் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் யார் பக்கத்தில் உட்காருவது என்பது சின்ன விஷயம் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் சொல்வதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "ஆறாப்பு போ, அங்க தோலை உரிப்பாங்க" என்று தயவுசெய்து மே மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறீர்கள், பிள்ளை இரவில் அதையே நினைத்துக்கொண்டு படுக்கிறது. பள்ளி திறக்கும் முன் ஒருநாள் அந்த வழியில் பிள்ளையோடு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் நாய் இருக்கிறது, எந்தக் கடைக்கார அக்காவிடம் ஒதுங்கி நிற்கலாம் என்று காட்டுங்கள். ஜூன் மாதம் சாயங்காலம் "என்ன படிச்ச?" என்று கேட்பதற்கு முன்னால் "யார் பக்கத்துல உக்காந்த?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வயிற்று வலி வந்தால் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். வலி நிஜமாகவே இருக்கும். முதல் சில வாரம் இப்படி இருப்பது வழக்கம்தான். ஆனால் சாப்பாடு குறைந்து, விட்டுப்போன படுக்கை நனைப்பது திரும்ப வந்து, பேச்சும் நின்றுபோனால் காலாண்டுப் பரீட்சை வரை காத்திருக்காதீர்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். 14417க்கு அழைத்தால் பள்ளிக் கல்வித் துறையில் பேச ஆள் இருக்கிறார்கள். பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள் என்றால் 1098.

இந்த வருஷமும் பதினொரு பிள்ளைகளையும் நடத்தியே கூட்டிப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். பள்ளியின் வாசலில் ஒரு பையன் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறவன், மீசை அரும்புகிறது. நான் கேட்காமலேயே வருஷா வருஷம் வந்துவிடுகிறான். சீட்டில் இருந்த கேள்விகளை அவனிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் நடந்தேன். கழிப்பறை எங்கே, யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், தட்டு எங்கே அடுக்கியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். "இந்தக் குழாய்ல தண்ணி மெதுவா வரும், அந்த மூணாவதுல பிடிங்க." "அண்ணன்க அடிப்பாங்களா" என்று இருந்ததைப் படித்துவிட்டு, "என்கிட்ட சொல்லுங்க" என்றான்.

மாடியில் ஆறாம் வகுப்பு அறைக்குள் போனதும் பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். காற்று இருந்தது. அவன் என் பக்கம் திரும்பி, ஜன்னலைக் காட்டிச் சொன்னான்:

"கொக்கி மாட்டிட்டாங்க டீச்சர்."